பெரிய கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்புவதா? திருகோணமலைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வெளியானதும் வீட்டுத் தொலைபேசி ஓயாது. உறவினர் ஒருவர் கொழும்பு றோயல் கல்லூரி என்பார், இன்னொருவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்பார், யாழ்ப்பாணத்து வேம்படி மகளிர் பாடசாலைக்கு அனுப்பாவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே போய்விடும் என்று மூன்றாமவர் சொல்வார். அந்தச் சத்தத்துக்கு நடுவில், சில வாரங்களுக்குள், பத்து வயதுப் பிள்ளையின் அடுத்த எட்டு ஆண்டுகளை நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் மூத்த மகள் தரம் 6இல் வெளியூர் விடுதிக்குப் போனாள். இளையவன் திருகோணமலையிலேயே படிக்கிறான். இரண்டு முடிவுகளுக்காகவும் அலைந்து, விசாரித்து, வரிசையில் நின்று தெரிந்துகொண்டவற்றை, அடுத்து வரும் பெற்றோர் அதே அலைச்சலைப் படாமல் இருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

1. எந்த வாசலால் போகப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்குங்கள்

பெரிய கல்லூரிகள் எனப்படும் பெயர்பெற்ற பாடசாலைகளுக்குள் நுழைய மூன்று முக்கிய வாசல்கள் உண்டு. முதலாவது, புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியின்படி தரம் 6க்குச் சேர்வது. இரண்டாவது, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றைக் கொண்டு தரம் 12க்குச் சேர்வது. மூன்றாவது, கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகளின் சொந்த அனுமதிப் பரீட்சையும் நேர்முகமும். யாழ்ப்பாணத்துப் பரி. யோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, கல்கிசைப் புனித தோமையர் கல்லூரி ஆகியவை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. இடைப்பட்ட தரங்களுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது வெற்றிடம் இருந்தால் மட்டுமே நடக்கும். அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

பலர் தரம் 6 தான் ஒரே வாய்ப்பு என்று எண்ணிப் பதறுகிறார்கள். தரம் 12 வாசல் உண்மையில் அகலமானது. முதல்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் (C) உயர்தரத்துக்குரிய பொதுவான அடிப்படைத் தகுதி. அதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரியும் துறைக்கேற்பக் கூடுதல் பெறுபேறு எதிர்பார்க்கும். அப்போது பிள்ளைக்குப் பதினாறு வயதாகியிருக்கும். எந்தத் துறை என்று தெரிந்திருக்கும். வெளியூரில் தனியே இருக்கும் பக்குவமும் ஓரளவு வந்திருக்கும். ஆகவே தரம் 6இல் வேண்டாம் என்று சொல்வதால் கதவு நிரந்தரமாக மூடிவிடுவதில்லை.

2. இரண்டு வெட்டுப்புள்ளிகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

பரீட்சையில் மொத்தம் 200 புள்ளிகள். பெறுபேற்றுடன் பரீட்சைத் திணைக்களம் வெளியிடுவது மாவட்ட வெட்டுப்புள்ளி, அதாவது எடுக்க வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி. அது உதவிப்பணத்துக்கான தகுதியைக் காட்டுகிறது. பெற்றோரின் வருமானமும் வரையறைக்குள் இருந்தால்தான் பணம் கிடைக்கும். பாடசாலை வெட்டுப்புள்ளி வேறு. அதைக் கல்வி அமைச்சு பின்னர் பாடசாலை வாரியாகவும் மொழிமூல வாரியாகவும் வெளியிடுகிறது. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு நினைத்த கல்லூரி கிடைக்காமல் போவது சாதாரணம். "பாஸ் பண்ணியும் ஏன் கிடைக்கவில்லை" என்று அழுத பெற்றோரை வலயக் கல்விப் பணிமனை வாசலில் கண்டிருக்கிறேன். யாரும் அவர்களுக்கு இந்த வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்லவில்லை.

கல்லூரி தெரிவு விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் ஒழுங்கு முக்கியமானது. புள்ளியும் அந்த ஒழுங்கும் சேர்ந்தே இடத்தைத் தீர்மானிக்கின்றன. கிடைத்தாலும் அனுப்பமாட்டோம் என்ற கல்லூரியைப் பெருமைக்காக மேலே எழுத வேண்டாம். சென்ற ஆண்டுகளின் தமிழ்மூல வெட்டுப்புள்ளிகளை எடுத்து, பிள்ளையின் புள்ளியுடன் ஒப்பிட்டு, உண்மையில் அனுப்பக்கூடிய கல்லூரிகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள்.

3. பல்கலைக்கழக மாவட்ட ஒதுக்கீட்டை முதலிலேயே கணக்கில் எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் உண்டு என்றால் இதை வாசியுங்கள். தரம் 6இல் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு எல்லோரும் பேசுகிறார்கள்.

மருத்துவம், பொறியியல் போன்ற பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் வழங்கப்படுகிறது. 55 வீதம் வரை மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படுகிறது. எஞ்சிய 5 வீதம் கல்வி வசதியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. யாழ்ப்பாணமும் அதில் இருக்கிறது, கொழும்பு இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் போட்டி மிகக் கடுமையானது. மருத்துவத்துக்குத் தேவையான இஸட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் தரப்படுத்திய புள்ளி) அங்கே பொதுவாகத் திருகோணமலையை விட உயர்ந்தே இருந்து வருகிறது. கொழும்பும் அப்படித்தான்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளும் பிள்ளை ஒரே மாவட்டத்துப் பாடசாலைகளில் படித்திருந்தால், அந்த மாவட்டமே பல்கலைக்கழக அனுமதிக்கு அவரது மாவட்டமாகக் கொள்ளப்படும். வீடு திருகோணமலை உவர்மலையில் இருக்கிறது, வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் தருவார் என்பதெல்லாம் அப்போது கணக்கில் வராது. தரம் 6இல் கொழும்புக்குப் போய் உயர்தரம் வரை அங்கேயே படிக்கும் பிள்ளை கொழும்பு மாவட்டப் பிள்ளையாகவே போட்டியிடும். மூன்று ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் படித்தவர்களுக்கு வேறு விதிகள் பொருந்தும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதி இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. அதை நீங்களே சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். ரியூசன் ஆசிரியர் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னா என்று விட்டுவிடாதீர்கள்.

இதனால் வெளியூர் போவது தவறு என்று நான் சொல்லவில்லை. அகில இலங்கைத் திறமையில் வரக்கூடிய பிள்ளைக்கு மாவட்டம் ஒரு பொருட்டில்லை. கலைத்துறையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கும், வெளிநாட்டில் மேற்படிப்பை எண்ணும் குடும்பத்துக்கும் கணக்கு வேறு. ஆனால் நல்ல உழைப்பாளியாக, வகுப்பில் முதல் பத்துக்குள் நிற்கும் பிள்ளைக்கு, அதே பெறுபேறு திருகோணமலையிலிருந்து எடுத்தால் ஒரு பீடத்தைத் திறந்துவிடும். இன்னொரு மாவட்டத்திலிருந்து எடுத்தால் வாசலிலேயே நிறுத்திவிடும். எங்கள் மகளை சாதாரண தரத்துக்கு முன்னரே திரும்ப அழைப்பதா என்று நாங்கள் பல இரவுகள் பேசியது இதைப் பற்றித்தான்.

4. பிள்ளையால் முடியுமா என்பதைப் புள்ளித்தாளில் தேடாதீர்கள்

180 புள்ளி எடுத்த பிள்ளை இரவில் தனியே மலசலகூடத்துக்குப் போகப் பயப்படலாம். புலமைப்பரிசில் பரீட்சை நுண்ணறிவையும் பாட அறிவையும் சோதிக்கிறது. பிரிவைத் தாங்கும் வலிமையை அது சோதிப்பதில்லை. அதை வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

விடுமுறையில் பிள்ளையை வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ உள்ள சித்தி வீட்டில், நீங்கள் இல்லாமல், ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். தன் உடுப்பைத் தானே தோய்க்கிறதா? பெண் பிள்ளை என்றால், இரண்டு பின்னலையும் தானாகப் பின்னத் தெரிகிறதா? எங்கள் மகளுக்கு வலப்பக்கப் பின்னல் எப்போதும் தளர்ந்துவிடும். விடுதிக்குப் போக முந்திய மாதம் முழுவதும் கண்ணாடி முன் நின்று அதையே பழகினாள். சிறிய விடயம் போலத் தெரியும். காலை ஆறே முக்காலுக்கு மாணவத் தலைவி வரிசையைப் பார்க்க வரும்போது அது சிறிய விடயமாக இருக்காது. காய்ச்சல் என்றால் பொறுப்பாசிரியரிடம் வாய் திறந்து சொல்கிறதா, அல்லது போர்த்துக்கொண்டு படுத்துவிடுகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டாவது வகைப் பிள்ளையை அனுப்புமுன் இரண்டு முறை யோசியுங்கள்.

வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்த பிள்ளை, எல்லோரும் முதலாவதாக வந்தவர்களாக இருக்கும் வகுப்பில் இருபதாவதாக வரும்போது என்ன செய்யும் என்பது இன்னொரு கேள்வி. சில பிள்ளைகள் அதில் எழுகிறார்கள், சிலர் பேசாமல் சுருங்கிவிடுகிறார்கள். ஒரு போட்டியில் தோற்ற பிறகு உங்கள் பிள்ளை அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கிறதா என்பதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் விடை அதில் இருக்கும்.

பிள்ளையிடமும் கேளுங்கள். உறவினர் முன்னால் கேட்க வேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் "விருப்பம்" என்றே சொல்வார்கள்.

5. கல்லூரியையும் விடுதியையும் நேரில் போய்ப் பாருங்கள்

கல்லூரியின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துத் திரும்புவது பார்வையிடல் ஆகாது. பாடசாலை நாளொன்றில், அதிபரின் அனுமதியுடன் செல்லுங்கள். தமிழ்மூலப் பிரிவில் எத்தனை வகுப்புகள், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், தமிழ்மூல விஞ்ஞான, கணித ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறார்களா என்று கேளுங்கள். கொழும்பில் சில பெரிய கல்லூரிகளில் சிங்களமூலத்துக்குப் பக்கத்தில் தமிழ்மூலப் பிரிவு சிறியதாகவே இருக்கும். கல்லூரியின் பெயருக்குரிய எல்லா வசதியும் அந்தப் பிரிவுக்கும் எட்டுகிறதா என்பதைப் பழைய மாணவரின் பெற்றோரிடம் விசாரியுங்கள். இருமொழிக் கல்வி இருக்குமானால், அது எந்தப் பாடங்களுக்கு, எந்தத் தரம் வரை என்பதையும் கேட்டு வையுங்கள்.

விடுதியைப் பகலில் பார்க்காதீர்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு போங்கள். நாங்கள் பார்த்த ஒரு விடுதியில் வரவேற்பறை பளபளவென்று இருந்தது. பின்பக்கம் குளிக்கும் இடத்தில் தொட்டித் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருக்க, சிறிய பிள்ளைகள் எட்டிக் கோர முடியாமல், வாளியைக் கையில் பிடித்தபடி பெரிய அண்ணன்மார் வரும்வரை நின்றார்கள். அந்த வாளிகளைப் பார்த்த பிறகு வேறு எதையும் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இரவுச் சாப்பாட்டை நீங்களும் ஒரு பிடி சாப்பிட்டுப் பாருங்கள். இரவில் விடுதிக் கண்காணிப்பாளர் உள்ளேயே தங்குகிறாரா, நோய் வந்தால் எந்த வைத்தியசாலைக்கு யார் கொண்டுபோவது, தொலைபேசியில் பேச எந்த நாள் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரிக்குச் சொந்த விடுதி இல்லாவிட்டால் தனியார் தங்குமிடமோ உறவினர் வீடோதான் வழி. தனியார் இடமென்றால் கட்டணம், சாப்பாடு, விடுமுறைக் காலத்துக்குக் கழிவு உண்டா என்பவற்றை ஆண்டு முழுவதற்கும் எழுதி வாங்குங்கள். முதல் தவணையில் ஒரு தொகை சொல்லி, இரண்டாம் தவணையில் திடீரென்று கூட்டிய இடம் எங்களுக்குத் தெரியும். நடுவில் பிள்ளையை எங்கே மாற்றுவது என்ற தயக்கத்தில் பெற்றோர் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். உறவினர் வீடென்றால், மாதாந்தம் ஒரு தொகையைக் கட்டாயம் கொடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றாலும் கொடுங்கள். பிள்ளை அந்த வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட வேண்டும்.

6. செலவை எட்டு ஆண்டுகளுக்குக் கணக்கிடுங்கள்

அரச பாடசாலையில் கல்வியும் பாடநூலும் இலவசம் என்பதால் பெரிய செலவு இராது என்று நினைப்பது பொதுவான பொறி. வசதிகள் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா, சீருடை, கழுத்துப்பட்டி, விளையாட்டு உடுப்பு, விடுதிக் கட்டணம், வெளியூர் ரியூசன் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் மாதவாரியாக எழுதுங்கள். ரியூசன் இல்லாமல் பெரிய கல்லூரிப் பிள்ளைகள் படிப்பதில்லை என்பதே நடைமுறை. விடுதியிலிருந்து அந்த வகுப்புக்குப் போகும் முச்சக்கரவண்டிச் செலவும் சேரும்.

பலர் விட்டுவிடுவது பயணச் செலவை. சாலை வழியாகத் திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். சிறு பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது. ஒரு தவணை விடுமுறைக்கு அழைத்துவரப் போகும்போது உங்களுக்கு ஒரு சீட்டு, இருவராகத் திரும்ப இரண்டு, மீண்டும் கொண்டுபோய்விட இரண்டு, தனியே திரும்ப ஒன்று என ஆறு சீட்டுகள். ஆண்டுக்கு மூன்று விடுமுறைக்குப் பதினெட்டு. இடையில் பெற்றோர் கூட்டத்துக்கும் பார்வையிடலுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது தாண்டினால் அரைச் சீட்டும் இல்லை. இரவுப் புகையிரதத்தில் போய் மறுநாள் இரவே திரும்பினாலும் ஒரு நாள் வேலை போகும்; கடற்றொழில், நாட்கூலி, சிறு கடை என்று வாழும் குடும்பத்தில் அந்த நாளின் வருமானத்தையும் செலவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். எழுதி முடித்த மொத்தத்தை அடுத்த பிள்ளையின் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையின் வகுப்பை நிறுத்தும் நிலை வருமானால், தம்பி தங்கையர் அதை வளர்ந்த பிறகும் மறப்பதில்லை.

மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பெற்றோருக்கு வெளியூர் என்பது திருகோணமலை நகரமே. அவர்களும் இதே கணக்கைப் போட வேண்டும். நாள்தோறும் பேருந்தில் வந்து போவதா, நகரில் தங்குவதா என்பதில், காலை எத்தனை மணிக்குப் பிள்ளை எழும்ப வேண்டும் என்பதையே முதலில் பாருங்கள். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் பருவச்சீட்டு செலவைக் குறைக்கும். நித்திரையைத் திருப்பித் தராது.

7. ஆவணங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகள், பெறுபேற்றுத் தாள், தவணைத் தேர்ச்சி அறிக்கைகள், பெற்றோர் இருவரதும் தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதி, தடுப்பூசி விபரம் உள்ள சுகாதாரப் பதிவேடு, கடவுச்சீட்டு அளவுப் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். உதவிப்பணத்துக்கு வருமானச் சான்றும் வேண்டும். பிள்ளை உறவினர் வீட்டில் தங்குவதானால் பாதுகாவலரின் கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் சத்தியக் கடதாசியும் கேட்கப்படலாம்.

எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தால், அனுமதி நாளில் அதிபர் அலுவலகத்தில் நின்று அதைத் தீர்க்க முடியாது. பரீட்சைக்கு முன்பே, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேட்டு வழி செய்யுங்கள். இத்தகைய திருத்தங்களுக்குப் பல வாரங்கள் எடுக்கலாம்.

பழைய பாடசாலையிலிருந்து விலகும் விடுகைப் பத்திரத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். புதிய கல்லூரியின் அனுமதிக் கடிதம் கையில் வந்து, விடுதி இடமும் உறுதியான பிறகே எடுங்கள். எடுத்தபின் மனம் மாறினால் பழைய இடம் வெற்றிடத்தைப் பொறுத்தே கிடைக்கும்.

8. பணம் கேட்பவரிடம் பேச்சை நிறுத்துங்கள்

"அமைச்சில் ஆள் இருக்கு, ஒரு தொகை கொடுத்தால் இடம் எடுத்துத் தரலாம்" என்று சொல்பவர் ஒவ்வோர் ஆண்டும் வருவார். எங்களிடமும் ஒருவர் வந்தார். அரச பாடசாலை அனுமதிக்கு நன்கொடை கேட்பது சட்டப்படி குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கும் கல்வி அமைச்சின் 1988 இலக்கத்துக்கும் முறையிடலாம். கட்டும் எந்தப் பணத்துக்கும் பாடசாலையின் பற்றுச்சீட்டு வேண்டும்.

9. காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பரீட்சை மாதம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024இல் செப்டெம்பர் 15ஆம் திகதியும் 2025இல் ஆகஸ்ட் 10ஆம் திகதியும் நடந்தது. ஆகவே சென்ற ஆண்டுத் திகதியை நம்பாமல் திணைக்கள அறிவித்தலைப் பாருங்கள். பெறுபேறு, கல்லூரி தெரிவு விண்ணப்பம், பாடசாலை வெட்டுப்புள்ளி, மேன்முறையீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேன்முறையீட்டுக்குத் தரும் காலம் குறுகியது; அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் கிழமைக்கொரு முறை விசாரியுங்கள். விடுதியைப் பார்ப்பது, சித்தி வீட்டில் விட்டுப் பார்ப்பது, செலவுக் கணக்கு ஆகிய மூன்றையும் பெறுபேறு வருமுன் முடித்துவிடுங்கள். புள்ளியைக் கண்ட பிறகு யாராலும் நிதானமாக யோசிக்க முடிவதில்லை.

10. ஊரில் நிறுத்துவதென்றால்

இதற்கும் அதே கவனம் வேண்டும். இ.கி.ச. (இராமகிருஷ்ண மிஷன்) ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி என்று நகரில் நெடுங்காலப் பெயருள்ள பாடசாலைகள் இருக்கின்றன. பிள்ளை விரும்பக்கூடிய உயர்தரத் துறை அங்கே இருக்கிறதா, அந்தத் துறைக்கு நிரந்தர ஆசிரியர் உள்ளனரா, ஆங்கிலம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பவற்றை விசாரியுங்கள். விடுதிக்கும் பயணத்துக்கும் செலவாகியிருக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஆங்கிலத்துக்கும் நூல்களுக்கும் ஒதுக்குங்கள். எங்கள் மகனுக்கு அப்படித்தான் செய்கிறோம். தரம் 10இல் ஒரு முறை உட்கார்ந்து, தரம் 12 வாசலைப் பயன்படுத்துவதா என்பதை, மூன்றாம் பகுதியில் சொன்ன மாவட்ட விதியையும் அந்த ஆண்டுக் கைநூலையும் முன்னால் வைத்துக்கொண்டு, பிள்ளையையும் பக்கத்தில் இருத்திப் பேசுங்கள்.